மேலே உள்ளது போனதா, சிறியது போனதா?

படிவம் ஒன்றில் சேர்ந்த முதல் வாரத்தில் வகுப்பு பிரிப்பதற்காக ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் படத்தில் மேலே சிறிய வட்டம், கீழே பெரிய சதுரம். இரண்டாவது படத்தில் சதுரம் மட்டும். மூன்றாவது படத்தில் மேலே பெரிய முக்கோணம், கீழே சிறிய நட்சத்திரம். அடுத்து என்ன வரும்?

நான் முக்கோணம் என்று போட்டேன். சின்னதை எடுத்துவிட்டால் பெரியதுதானே மிஞ்சும்? விடை நட்சத்திரமாம். மேலே இருப்பதைத்தான் எடுக்க வேண்டுமாம். கேட்டுப் பார்த்தேன். ஆசிரியர் விடைத்தாளைக் காட்டினார், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது கடைசி வகுப்பு. அந்த ஒரு கேள்வியால் மட்டும் இல்லை என்பது தெரியும். ஆனாலும் அந்த முக்கோணம் மனதைவிட்டுப் போகவில்லை.

இப்போது தொழிற்சாலையில் கேமரா வைத்துச் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. அது தொடர்பாகப் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது என் கேள்வியின் வரலாறே கையில் கிடைத்தது.

1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் மார்வின் மின்ஸ்கியிடம் ஆய்வு செய்த தாமஸ் எவன்ஸ், இதே மாதிரி வடிவக் கேள்விகளுக்கு விடை சொல்லும் நிரலை லிஸ்ப் மொழியில் எழுதினார். முதலில் அது படத்தை விவரிக்கும்: இது அதற்கு மேலே, இது அதற்கு உள்ளே, இது இடப்பக்கம். பிறகு முதல் படம் எப்படி இரண்டாவதாக மாறியது என்பதற்கு விதிகள் எழுதும். ஐந்து விடைகளில் எதற்குப் பொருத்தும்போது விதி குறைவாகத் தளர்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். 1964-இல் கட்டுரை வெளிவந்தது.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே மாற்றத்துக்குப் பல விதிகள் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்த நிரலே தொடங்குகிறது. எங்கள் விடைத்தாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1983-இல் உளவியலாளர் டெட்ரி ஜென்ட்னர் ஒரு கொள்கையை முன்வைத்தார். ஒப்புமையில் முக்கியம் பொருள்களின் நிறமோ உருவமோ இல்லை, அவற்றுக்கிடையிலான உறவுகள்தான். அதிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் உறவுகள். 1989-இல் பிரையன் ஃபால்கன்ஹைனர், கென் ஃபோர்பஸ், ஜென்ட்னர் மூவரும் இதைக் கணினியில் ஏற்றினார்கள். அழுத்த வேறுபாட்டால் குழாய் வழியே நீர் ஓடுகிறது. வெப்பநிலை வேறுபாட்டால் சூடான காப்பியிலிருந்து வெள்ளிக் கம்பி வழியே பனிக்கட்டிக்கு வெப்பம் போகிறது. நிரல் முதலாவதை வைத்து இரண்டாவதைப் புரிந்துகொண்டது.

1992-இல் டேவிட் சால்மர்ஸ், ராபர்ட் ஃப்ரெஞ்ச், டக்ளஸ் ஹோஃப்ஸ்டாட்டர் மூவரும் கடுமையான கேள்வி ஒன்றை எழுப்பினார்கள். நீரையும் வெப்பத்தையும் இவ்வளவு வசதியான வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தது யார்? மனிதன்தானே? எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானித்த போதே பாதிச் சிந்தனை முடிந்துவிட்டது என்றார்கள். 1998-இல் ஃபோர்பஸ் தரப்பு விரிவாகப் பதில் எழுதியது. எனக்கென்னவோ அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை என்றுதான் படுகிறது.

ஆனால் ஃபோர்பஸ் வெறும் பதிலோடு நிற்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவரது குழு காக்ஸ்கெட்ச் என்ற நிரலை உருவாக்கியது. வரைந்த படத்திலிருந்து மேலே, உள்ளே, பக்கத்தில் என்ற உறவுகளை அதுவே கணக்கிடும். பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவது மட்டும் பெரும்பாலும் நம் வேலை. 2009-இல் எவன்ஸின் அதே 20 கேள்விகளை அதனிடம் கொடுத்தார்கள். மனிதர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்த விடைகளையே அதுவும் தேர்ந்தெடுத்தது. 2017-இல் ஆண்ட்ரூ லவெட்டும் ஃபோர்பஸும் ரேவன் நுண்ணறிவுத் தேர்வில் இந்த அணுகுமுறையைச் சோதித்தபோது, அமெரிக்கப் பெரியவர்களில் 75-வது சதமான நிலையை எட்டியது.

எனக்கு அந்த 75-ஐவிட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. முதல் விவரிப்பு பொருந்தாவிட்டால் நிரல் திரும்பிப் போய்ப் படத்தை வேறு மாதிரி விவரித்துப் பார்க்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது அதைத்தான். அப்புறம், ‘பெரும்பாலோர்’ என்ற சொல்லும் என்னை நிறுத்தியது. பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது சரியான விடை என்றால், மீதிப் பேர் என்ன விதியைப் பார்த்தார்கள்? கடைசி வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

போன வாரம் அக்கா மகளுக்கு அந்தப் படத்தை வரைந்து காட்டினேன். ஒன்பது வயது.

“நட்சத்திரம், மாமா. மேல உள்ளது போயிருச்சி.”

“சரிதான். நான் முக்கோணம்னு போட்டேன். சின்னது போயிருச்சின்னு நெனச்சேன்.”

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அதுவும் சரியாத்தான் இருக்கு. அப்ப ரெண்டு பேருக்குமே புள்ளி குடுத்தாங்களா?”