சயாமுக்கும் ஜாவாவுக்கும் நடுவே ஒரு துறைமுகம்

ஆண்டுக்கு 40 தாகில் பொன். இன்றைய எடையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மலாக்கா என்ற பெயரைக் கடலோடிகள் சிலர் மட்டுமே அறிந்திருந்த காலத்தில், அந்தக் கடற்கரைக் குடியிருப்பு சயாமுக்குக் கட்டிய கப்பம் இது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் இதை எழுதி வைத்திருக்கிறார். கட்டாவிட்டால் சயாம் படை அனுப்பும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் முன்பு அது நாடே அல்ல. ஒரு தலைவனுக்குக் கீழ்ப்பட்ட ஊர், அவ்வளவுதான்.

அந்தத் தலைவர் பரமேஸ்வரா. சுமத்ராவின் பலெம்பாங்கைச் சேர்ந்த இளவரசர். ஜாவாவின் மஜாபாகித்தோடு பகைத்துக்கொண்டு தெமாசிக்கிற்கு, அதாவது இன்றைய சிங்கப்பூருக்கு, ஓடி வந்தவர். அங்கே சயாமுக்குக் கட்டுப்பட்ட தலைவனைக் கொன்று ஊரைப் பிடித்தார் என்கிறார் போர்த்துகீசியரான தோமே பிரெஸ். பிறகு அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று. ஆக, 1400-ஐ ஒட்டி மலாக்கா ஆற்று முகத்தில் குடியேறியபோது வடக்கே ஒரு பகை, தெற்கே ஒரு பகை. இடம் பார்த்து வந்தவரைவிட இடமில்லாமல் வந்தவர் என்பதே அவருக்குப் பொருந்தும்.

தெற்குப் பகை தானாகவே தளர்ந்தது. 1404 முதல் 1406 வரை மஜாபாகித்தில் அரச குடும்பமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. வடக்குப் பகைக்குத்தான் மருந்து தேவைப்பட்டது. அது சீனாவிலிருந்து வந்தது. 1403-இல் யோங்லே பேரரசர் யின் ச்சிங் என்ற தூதரை அனுப்பினார். 1405-இல் மலாக்காவின் தூதர்கள் சீனா போனார்கள். பரமேஸ்வராவை மன்னர் என்று சீன அரசவை ஏற்றது.

சயாமுக்குக் கட்டும் கப்பத்தைச் சீனாவுக்குக் கட்டுவதில் என்ன லாபம்? தூரம்தான் லாபம். சீனக் கப்பல் காற்றோடு வரும், காற்றோடு போய்விடும். கொண்டுபோகும் காணிக்கைக்குப் பட்டும் பொன்னும் திரும்பக் கிடைக்கும். சயாமோ அடுத்த வீடு.

அடுத்த வீடு சும்மா இருக்கவில்லை. சீனா கொடுத்த முத்திரையைச் சயாம் படை வந்து பிடுங்கிக்கொண்டு போனது. மலாக்காவும் வடக்குச் சுமத்ராவின் சமுத்திராவும் 1407-இல் சீனாவிடம் முறையிட்டன. அதே ஆண்டுதான் சீனப் படை அன்னாமை, அதாவது இன்றைய வடக்கு வியட்நாமை, கைப்பற்றியிருந்தது. முத்திரையைத் திருப்பிக் கொடு, அன்னாமின் ஆட்சியாளர்களுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள் என்று யோங்லேயிடமிருந்து சயாமுக்கு ஆணை போனது. 1409-இல் செங் ஹோ வந்து கல் நாட்டினார். 1411-இல் பரமேஸ்வரா மனைவி, மகன், பரிவாரம் என்று 540 பேரோடு சீனா போய் நன்றி சொன்னார்.

மலாக்காவும் பதிலுக்கு ஒன்று கொடுத்தது. நான்கு வாயிலும் காவல் கோபுரமும் கொண்ட மர வேலிக்குள் சீனர்கள் கிடங்கு கட்டிக்கொள்ள இடம் தந்தது. பல திசைக்கும் போன சீனக் கப்பல்கள் அங்கே ஒன்றுகூடி, தென்றல் காற்றுக்குக் காத்திருந்து ஊர் திரும்பின. அந்தக் கிடங்கு இருந்தவரை மலாக்காவின் பாதுகாப்பு சீனாவின் சொந்தக் கவலையாகவும் இருந்தது.

சின்ன நாடு என்றால் சாது என்று எண்ண வேண்டாம். பலெம்பாங் தனக்கே சேர வேண்டும், சீனாவின் சம்மதம் உண்டு என்று மலாக்கா கேட்டதாக ஜாவா முழுக்கப் பேச்சு. அப்படி எந்த ஆணையும் தரவில்லை என்று 1413-இல் யோங்லே ஜாவா மன்னருக்கு எழுதித் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. பெரியவன் பெயரைச் சொல்லி மலாக்கா ஒரு கை பார்த்திருக்கிறது!

மலாக்கா நகரத்துக்குப் போகிறவர்களுக்குப் புக்கிட் சீனா என்ற குன்று பழகிய இடம். சுல்தான் மன்சூர் ஷாவை மணக்க வந்த சீன இளவரசி ஹங் லி போவின் கதை அந்தக் குன்றோடு ஒட்டியது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் அதைச் சுவையாகச் சொல்கிறது. சீனாவின் மிங் அரசின் ஏடுகளில் அப்படி ஓர் இளவரசி இல்லை. மன்சூர் ஷா காலத்தில் செங் ஹோவின் பயணங்கள் பழங்கதையாகிவிட்டன. 1433-க்குப் பிறகு சீனப் பெருங்கப்பல் படை வரவே இல்லை.

குடை போனதும் மழை வந்தது. 1440-களின் நடுவில் சயாம் படை பஹாங் வழியாகத் தரைமார்க்கமாக இறங்கியது. அரியணையில் இருந்தவர் சுல்தான் முசாஃபர் ஷா. தாய்வழியில் தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். அவரை ஆட்சியில் அமர்த்திய துன் அலியும் அதே குடும்பம்தான். கிள்ளானின் தலைவர் துன் பேராக் தன் ஆட்களைப் பெண்டு பிள்ளைகளோடு அழைத்து வந்தார். குடும்பம் பின்னால் இருந்தால் எவனும் ஓடமாட்டான் என்பது அவர் கணக்கு. 1456-இல் சயாம் கடல்வழியாக வந்தபோது, பத்து பஹாட் பக்கத்தில் கரையோர மரங்களில் தீப்பந்தங்களைக் கட்டச் சொன்னார். இருட்டில் அவற்றைப் பெரும் படையென்று எண்ணிச் சயாம் கப்பல்கள் திரும்பிவிட்டன என்று செஜாரா மெலாயு சொல்கிறது. கொஞ்சம் மிகை இருக்கலாம். சயாம் தோற்றதில் மிகை இல்லை.

வென்ற பிறகு நடந்ததே இந்தக் கதையின் சிறந்த பகுதி. முசாஃபர் ஷா சயாமுக்குச் சமாதானத் தூது அனுப்பினார். கடிதத்தில் வணக்கம் வேண்டாம், சலாமும் வேண்டாம் என்றார். வணக்கம் சொன்னால் அடிமை. சலாம் சொல்ல மதம் இடம் தராது. இரண்டையும் தவிர்த்து, அதே சமயம் சயாம் அரசரையும் புண்படுத்தாமல் வாசகம் அமைத்துக் கொடுத்தவர் துன் பேராக். தீப்பந்தத்தைவிட அந்தக் கடிதம்தான் கடினமான வேலை. பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, அவர் 1498 வரை இருந்தார். அந்த ஆண்டுகளில் ஷாபந்தர் எனப்பட்ட நான்கு துறைமுக அதிகாரிகள் துறைமுகத்தைக் கவனித்தார்கள். குஜராத்திகளும் தமிழ் வணிகர்களும் ஜாவானியரும் சீனரும் அங்கே கடை விரித்தார்கள். மலாக்கா மூடிக்கிடந்தால் எல்லார்க்கும் நட்டம் என்ற நிலை இருந்தது.

சயாமும் பின்னொரு நாள் இதேபோல இரண்டு வலியவர்களுக்கு நடுவே வந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பக்கம் பிரிட்டன், மறு பக்கம் பிரான்ஸ். 1909-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மீதிருந்த உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்து, மிச்ச நாட்டைக் காப்பாற்றிக்கொண்டது. மலாக்கா பொன் கொடுத்தது. சயாம் மண் கொடுத்தது.

மலாக்காவுக்குத் திரும்புவோம். 1511-இல் வந்த போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்கிடம் மலாக்காவின் பழைய வித்தைகள் எதுவும் பலிக்கவில்லை. காற்றுக்கு வந்து காற்றுக்குப் போகிறவர் அல்லர் அவர். பீரங்கியால் ஊரைப் பிடித்து, கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டார். தப்பி ஓடிய சுல்தான் மஹ்மூத் ஷா சீனாவுக்குத் தூது அனுப்பினார். சீனர்கள் தங்கள் பங்குக்கு, போர்த்துகல்லின் தூதராக வந்திருந்த அதே தோமே பிரெஸைப் பிடித்துக் கான்டனில் சிறை வைத்தார்கள். கப்பல் அனுப்பவில்லை. மலாக்காவுக்கு உதவிப் படை அனுப்புமாறு அக்கம்பக்கத்து அரசர்களுக்கு ஆணை மட்டும் போனது. அந்த ஆணையில் பெயர் குறித்துக் கேட்கப்பட்ட நாடு சயாம். யாரும் வரவில்லை.