‘தீமைக்கு அல்ல’: ஒரு வாக்கியத்தின் வரலாறு

கணினி நிரல் ஒரு தரவை வாசிக்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, காற்புள்ளி எதை எதிலிருந்து விலக்குகிறது – இலக்கண வகுப்பில் நாம் பதம் பிரித்தோமே, ஏறக்குறைய அதே வேலைதான். ஜேசன் என்ற தரவு வடிவத்தை முன்வைத்த அமெரிக்கர் டக்ளஸ் கிராக்ஃபோர்ட், அதைப் பிரிக்க ஜாவா மொழியில் ஒரு ‘லைப்ரரி’யையும் எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்தார். 2002 என்று ஆண்டு குறித்த அதன் உரிமம், எம்.ஐ.டி. உரிமத்தின் நகல்தான். ஒரேயொரு வாக்கியத்தை மட்டும் கூடுதலாகச் செருகியிருந்தார்: இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல.

2001 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்கா அது. ‘தீயவர்’களுக்கு எதிரான போர் என்று புஷ் முழங்கிக்கொண்டிருந்தார். தானும் தன் பங்குக்கு ஏதாவது செய்யலாமே என்றுதான் எழுதியதாகக் கிராக்ஃபோர்ட் பின்னாளில் கிண்டலாகச் சொன்னார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அரசின் சொல்லாடலில் எந்த வரையறையும் இல்லாமலேயே குண்டு வீசப் போதுமானதாக இருந்த ‘தீமை’, ஓர் உரிமத்துக்குள் நுழைந்ததும் வக்கீல்களுக்குப் பொருள் விளங்காத சொல்லாகிவிட்டது! இதே வாக்கியம் கொண்ட அவருடைய இன்னொரு கருவிக்கு ஐ.பி.எம். வக்கீல்கள் விலக்குக் கேட்டார்கள். அந்நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் கூட்டாளிகளும் எடுபிடிகளும் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்ததாக அவரே மேடையில் சொன்னார். அரங்கம் சிரித்தது.

கட்டற்ற மென்பொருள்காரர்கள் சிரிக்கவில்லை. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பதே அவர்களின் முதல் சுதந்திரம். நிபந்தனை போட்டால் அது கட்டற்றது ஆகாது. டெபியன் இந்த உரிமத்தை ஏற்கவில்லை. பிஎச்பி மொழியில் இருந்த இதே உரிமச் சிக்கலுள்ள பகுதிக்குப் பதிலாக, புதிதாக எழுதப்பட்ட ஒன்று 2015இல் ஏழாம் பதிப்போடு வந்தது. 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையும் தன் திட்டங்களில் இதை விலக்கியது.

தர்க்கப்படி அவர்கள் சொன்னது சரி. நன்மை எது என்பதை உரிமையாளர் தீர்மானித்தால் அது இன்னொரு அதிகாரம். போராடுகிறவனையும் ‘தீமை’யில் சேர்த்துவிட முடியும். சரி, ஏவுகணை செய்கிறவனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சுதந்திரம் என்கிற இந்த நடுநிலையால் யாருக்கு லாபம்? என் உழைப்பு எங்கே போகுது என்று நிரல் எழுதுகிறவன் கேட்க அந்தச் சட்டகத்தில் இடமே இல்லை. கிராக்ஃபோர்டின் கிண்டல் அந்த இடத்தைக் கொஞ்ச காலம் திறந்து வைத்திருந்தது.

2022இல் அந்த ஜாவா லைப்ரரி பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டபோது வாக்கியமும் போய்விட்டது. இனி அதற்கு யாரும் விலக்குக் கேட்க வேண்டியதில்லை.