கோவாவும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும்

முனிர்காவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஜே.என்.யு. என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம், இல்லாவிட்டால் மாணவர் தேர்தல் கோஷம் கேட்கும் இடம். அங்குள்ள சர்வதேசக் கல்விப் புலம் அந்தப் பல்கலைக்கழகத்தைவிட வயதில் மூத்தது. 1955-இல் சப்ரு ஹவுஸில் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970-இல்தான் ஜே.என்.யு.வோடு இணைந்தது. அங்கே சர்வதேசச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஆர்.பி. ஆனந்தின் தலைமுறை ஒரு கேள்வியை விடாமல் கேட்டது: சட்டம் எழுதிய நாளில் சபையில் இடமே இல்லாதவனை அந்தச் சட்டம் எந்த அளவுக்குக் கட்டும்? இது ஏட்டுக் கேள்வியல்ல. 1961 டிசம்பரில் நம் ராணுவமே அதை எழுப்பிவிட்டது.

தமிழில் 'ஆக்கிரமிப்பு' என்பது இரட்டைப் பொருள் உள்ள சொல். அண்டை நாட்டின்மேல் படை எடுப்பதும் ஆக்கிரமிப்புதான், புறம்போக்கு நிலத்தை வளைத்துப் போடுவதும் ஆக்கிரமிப்புதான். கோவா வழக்கின் சாரமே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பேன்.

முதலில் நீதிமன்றம். 1954-இல் தாத்ரா, நகர் ஹவேலி போர்ச்சுகலின் கையை விட்டுப் போயின. 1955 டிசம்பர் 14-இல் ஐ.நா. உறுப்பினரான போர்ச்சுகல், 22-ஆம் தேதியே ஹேக் நீதிமன்றத்தில் இந்தியாமேல் வழக்குப் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார வேலை! 1960 ஏப்ரல் 12-இல் வந்த தீர்ப்பு ஆளுக்குப் பாதி: பொதுமக்களும் சரக்கும் இந்திய மண் வழியாகப் போகலாம், போர்ச்சுகீசியப் படைகளுக்கு அந்த உரிமை கிடையாது, இந்தியா கடமை தவறவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை காலனி ஆட்சி ஒழிய வேண்டும் என்று அறிவித்து, கோவாவையும் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. சலாசர் அசையவில்லை.

1961 டிசம்பர் 18-இல் நம் படை கோவாவுக்குள் நுழைந்தது. 19-இல் ஆளுநர் வாசலோ எ சில்வா சரணடைந்தார். சண்டை அங்கே முடிய, வழக்கு நியூயார்க்கில் நடந்தது. பாதுகாப்புச் சபையில் நம் பிரதிநிதி சி.எஸ். ஜா வாதாடினார்: 1510-இல் வாளால் பிடித்த மண், அந்தப் பிடி விடாத ஆக்கிரமிப்பு, அதற்கு எல்லையும் இல்லை, உரிமையும் இல்லை. நம்மூர் மொழியில் சொன்னால், நானூற்றைம்பது வருஷ அனுபோகம் பட்டா ஆகாது. போர் நிறுத்தமும் படை வாபசும் கேட்ட மேற்கு நாடுகளின் தீர்மானத்துக்கு 7 வாக்கு கிடைத்தும் சோவியத் வீட்டோவில் அது விழுந்தது. எதிர்த்த மற்ற மூவர் இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு. ஐ.நா.வின் சாவுக்கே இது தொடக்கமாகலாம் என்று அமெரிக்காவின் ஸ்டீவன்சன் வருந்தினார். அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய அநியாயத்தைச் சரிசெய்யப் படை அனுப்பலாம் என்றால், பழைய அநியாயம் இல்லாத தேசம் எது?

சட்டமும் அதே இடத்தில்தான் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. காலனிப் பகுதி, ஆளும் நாட்டின் மண்ணிலிருந்து தனியான சட்டநிலை உடையது என்று 1970-இல் பொதுச்சபை எழுதி வைத்தது. 1974 டிசம்பர் 14-இல் 'ஆக்கிரமிப்பு' என்பதற்கு வரையறையே வந்தது. முதலில் படையைப் பயன்படுத்துவது முதல்நிலைச் சான்று, எந்தக் காரணமும் அதை நியாயப்படுத்தாது என்கிற அதே ஆவணம், காலனி ஆட்சிக்கு எதிராகப் போராடும் மக்களின் உரிமைக்குத் தனி விதி வைத்து வழிவிடுகிறது. 1961-இன் இரண்டு தரப்பும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 31-இல், கோவாவின்மேல் இந்திய இறையாண்மையை ஒப்புக்கொண்டு போர்ச்சுகல் ஒப்பந்தம் போட்டது. சலாசரின் ஆட்சிமுறை அந்த ஏப்ரலிலேயே கவிழ்ந்திருந்தது.

அந்த வாதம் எல்லோருக்கும் பலிக்கவில்லை. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் இறங்கிய அர்ஜென்டினாவும் காலனிக் கதையைத்தான் சொன்னது. பாதுகாப்புச் சபை படையை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டது. அங்கே குடியிருந்தவர்கள் அர்ஜென்டினாவை விரும்பவில்லை என்பது முக்கியமான வேறுபாடு. கிழக்குத் திமோரை 1975-இல் இந்தோனேசியா விழுங்கியபோதும் உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமைக்காக 1991-இல் ஹேக் நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமேல் வழக்குப் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் போர்ச்சுகலேதான்!