தூத்துக்குடிச் சரக்கு: ரயிலும் லாரியும்

தூத்துக்குடியில் நிகழ்ந்த போட்டி என்றவுடன், 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியே மாணவர்களின் நினைவுக்கு வரும். அது கடலில் நடந்த கட்டணப் போர். அதே ஊரின் சரக்கை முன்னிட்டுத் தரையிலும் ஒரு போட்டி நெடுங்காலம் நடந்தது. ஆரவாரமின்றி நடந்தமையால் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி மாட்டுவண்டிகளிலேயே கடற்கரையை அடைந்தது. ரயில் வந்ததும் நெடுந்தூர வண்டித் தொழில் நலிந்தது. ஆனால் வண்டி மறைந்துவிடவில்லை. கிடங்கிலிருந்து நிலையத்திற்கும், நிலையத்திலிருந்து கரைக்கும் அதுவே வேண்டியிருந்தது. கடலோ ஆழமற்றது. கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்து சென்றன. வண்டி, வாகன், மீண்டும் வண்டி, தோணி, கப்பல் என ஒரு பஞ்சுப் பொதி எத்தனை முறை கைமாறிற்று என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சுமைகூலி உண்டு, சேதமும் உண்டு.

ஆலை வாசலில் ஏற்றியதைத் துறைமுக வாசலில் இறக்கும் மோட்டார் லாரிக்கு இதுவே பெரும் வாய்ப்பாயிற்று. ஆயினும் லாரியின் வெற்றிக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ரயில்வேயின் கட்டண முறையிலேயே இருந்தது.

ரயில்வே பொதுச் சுமைகாரர். வந்த சரக்கை விருப்பம்போல் மறுக்க இயலாது. அதன் கட்டணம் எடையையும் தூரத்தையும் மட்டும் பொறுத்ததன்று. சரக்கின் மதிப்பையும் பொறுத்தது. நூலும் துணியும் உயர்ந்த வகுப்பு. உப்பும் தானியமும் தாழ்ந்த வகுப்பு. துணி கொடுத்த மிகுதிப் பணம் உப்பின் குறையை ஈடு செய்தது. உப்பளத்து உப்பு தொலைதூரத்து ஏழையின் பானைக்கு மலிவாகச் சென்றது இவ்வாறுதான். இஃது அறமுள்ள ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் லாரிக்காரருக்கு அக்கடமை இல்லை. அவர் துணியைத் தேடி வந்தார். உப்பைத் தேடி வரவில்லை. துணிக்கு ரயில் கேட்ட கட்டணத்தைவிடச் சற்றுக் குறைத்துச் சொன்னாலே அவருக்குப் போதும்.

அரசு வாளாவிருக்கவில்லை. 1933-இல் சிம்லாவில் சாலை–ரயில் மாநாடு கூடியது. 1939-இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பெர்மிட் என்னும் வேலியை லாரியைச் சுற்றி எழுப்பியது. 1959-இல் எம். ஆர். மசானி தலைமையிலான குழு அவ்வேலியைத் தளர்த்தச் சொன்னது. 1975-இல் தேசியப் பெர்மிட் வந்தது. ரயிலும் சாலையும் சுமந்த மொத்தச் சரக்கில், டன்–கிலோமீட்டர் கணக்கில், 1950–51-இல் ரயிலின் பங்கு ஏறத்தாழ 89 விழுக்காடு. 2007–08-இல் ஏறத்தாழ 30 விழுக்காடு.

வேலி அளித்த அவகாசம் நன்கு பயன்பட்டதா? தூத்துக்குடியைக் கொண்டே விடை சொல்லலாம். 1974 ஜூலையில் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. கப்பல்கள் கரையை அணைந்து நின்றன. தோணியில் இறக்கி ஏற்றும் வேலை அங்கே ஒழிந்தது. ஆனால் அன்றும் மதுரை வழியே வடக்கே சென்றது மீட்டர் பாதைதான். அகலப்பாதை எதிர்ப்பட்ட இடத்தில் சரக்கை மறுபடி மாற்ற வேண்டும். கடலில் நீங்கிய கைமாற்றம் தரையில் நீடித்தது! அகலப்பாதை வந்து சேர்வதற்குள் வணிகர்கள் லாரிக்குப் பழகிவிட்டனர்.

2011 முதல் வ. உ. சி. பெயரைத் தாங்கும் அத்துறைமுகத்திற்குத் திருப்பூர்ப் பின்னலாடைகள் பெட்டகங்களில் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சாலை வழியே வருபவை. துணி இறங்கிச் சென்ற ரயிலில் நிலக்கரி முதலிடம் பெற்றது. இந்திய ரயில்வேயின் சரக்கு வருவாயில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அதுவே. முன்பு துணி தாங்கிய சுமையை இப்போது நிலக்கரி தாங்குகிறது. அதன் கட்டணமோ நம் வீட்டு மின்சாரத்தின் விலையில் வந்து சேர்கிறது.