பெட்டியோடு வந்த புரொப்பல்லர்

குமரிக் கடற்கரையில் எஞ்சின் வந்த கதையை யார் சொன்னாலும் குதிரைத்திறனில்தான் சொல்வார்கள். முதலில் எட்டு வந்தது, பிறகு 9.9, பிறகு 25 என்று போகும் அந்தக் கதை. யார் வள்ளத்தில் எத்தனை ஹெச்.பி. என்பது கல்யாணப் பேச்சில்கூட அடிபடும். எஞ்சினுக்கு அடியில், தண்ணீருக்குள், ஒரு சாண் அகலத்தில் சுற்றுகிற அலுமினியத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவுட்போர்டு எஞ்சின்களைக் கழற்றி மாட்டியே வயதான எனக்கு இதில் ஒரு நெடுநாள் வழக்கு உண்டு.

அந்த அலுமினியத்தின் பூர்வீகம் ஏரி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரத்தில் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு. துடுப்புப் போட்டுக் கை வலித்தவர்கள் படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்வதற்கான சாமான் அது. ஆள் ஒன்றோ இரண்டோ, தண்ணீர் சலனமில்லாதது. 1960-ல் யமஹாவும் அவுட்போர்டு செய்ய இறங்கியது. எஞ்சின் பெருத்தது, கடலுக்கும் வந்தது. ஆனால் பெட்டியைப் பிரித்தால் கூடவே வருகிற புரொப்பல்லர் மட்டும், ரொம்ப காலம், லேசான படகை மனதில் வைத்தே வந்தது.

நம் பக்கத்துக் கடலுக்கு எஞ்சினைக் கொண்டுவந்தவர்களும் நார்வேக்காரர்கள்தான். 1952 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலையைத் தொடங்கினார்கள். உள்ளூர் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் எஞ்சின் ஒத்துவராது என்று கண்டு, டீசல் எஞ்சினை உள்ளே வைத்த புதுப் படகுகளைக் கட்டினார்கள். அது கடைசியில் இறாலுக்கு மடி இழுக்கிற படகில் போய் நின்றது. கட்டுமரக்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவன் மரத்தில் எஞ்சினை மாட்ட ஒரு பின்பலகை கிடையாது. நாலைந்து தடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுதான் மரம். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அதில் எங்கே போய் எஞ்சினைத் தொங்கவிடுவது?

பின்பலகை எங்கள் குமரிக் கரையிலுள்ள முட்டத்தில் வந்தது. கோட்டாறு சமூக சேவைச் சங்கம் அங்கே நடத்திய படகு கட்டும் கூடத்தில், பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே என்கிற பொறியாளரும், இங்கிலாந்திலிருந்து கிஃபோர்டு தம்பதியும் பிளைவுட் வள்ளத்தைக் கொண்டுவந்தார்கள். பிளைவுட் தகட்டை அளவுப்படி வெட்டி, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலை ஃபைபரும் ரெசினும் வைத்து அடைப்பது முறை. அலை உடைகிற கரையில் இழுத்துப் போட லேசு. அதே வேலையில் கைகொடுத்த இங்கிலாந்து அமைப்பைத் தொடங்கியவர் ஷூமாக்கர், ‘சிறியதே அழகு’ என்று 1973-ல் புத்தகம் போட்டவர். அவர் ஆட்களோடு வேலை செய்த ஜில்லே 1985-ல் தன் முட்டம் அனுபவத்தைப் புத்தகமாக்கியபோது வைத்த தலைப்பு ‘சிறியது கடினம்’. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தத் தலைப்பினால்தான்.

பாயும் தண்டும் போட்டு ஓடத் தொடங்கிய அந்த வள்ளங்களில் சீக்கிரமே அவுட்போர்டு ஏறியது. 1980-களில் தென்கேரளத்திலும் குமரியிலும் கரைக்குக் கரை மண்ணெண்ணெய் வாடை. கிளப்புவதற்கு பெட்ரோல், ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் எந்நேரமும் ஒரே புகார்தான்: “அண்ணே, புது எஞ்சினு, இழுக்க மாட்டேங்கு.” வந்தவர் எஞ்சின் மூடியைத் திறப்பார். நான் குனிந்து புரொப்பல்லரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பேன்.

அதில் இரண்டு எண் இருக்கும், இரண்டும் அங்குலத்தில். முதல் எண் குறுக்களவு. இரண்டாவது பிட்ச்: மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் எவ்வளவு முன்னேற வேண்டும் என்கிற கணக்கு. தண்ணீர் மரமல்ல, வழுக்கும். 9 அங்குலப் பிட்ச் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று. அடியிலுள்ள கியர் அதைப் பாதியாகக் குறைத்து, புரொப்பல்லருக்கு 2500 கொடுக்கிறது. காகிதத்தில் மணிக்குப் பதினெட்டுக் கடல் மைல் போக வேண்டும். வலையும் ஐஸும் ஆளும் மீனும் ஏற்றிய வள்ளம் ஏழு, எட்டு போனால் பெரிசு. அவ்வளவு பாரத்தை இழுக்கும்போது எஞ்சின் அந்த 5000-த்தை எட்டவே எட்டாது, 3800-லேயே திணறும். எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று கையேட்டில் அச்சடித்திருப்பார்கள். இந்த அளவு எஞ்சினுக்குப் பெரும்பாலும் 4500-லிருந்து 5500 வரை. அதற்குக் கீழே முழு விசையில் ஓட்டினால், அதுவும் மண்ணெண்ணெயில், பிளக் கரி பிடிக்கும், ரிங் ஒட்டும். பிட்சில் ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். ஹெட்டைக் கழற்றாமல், கார்புரேட்டரைத் தொடாமல் தீர்ந்த எஞ்சின் கோளாறுகள் அநேகம்.

அதற்காகப் பிட்சைக் கண்டபடி குறைக்கவும் முடியாது. விடியுமுன் வெறும் வள்ளமாகப் போகும்போது எஞ்சின் எல்லை தாண்டிக் கதறும். போகும்போது லேசு, வரும்போது கனம், எதற்குப் பார்ப்பது? எங்கள் கரையில் அதை முடிவு செய்தது அலை. ஆனி, ஆடியில் வரிசையாக உடைகிற அலைக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் வள்ளத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? கைப்பிடியைத் திருகியதும் சட்டென்று தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆகவே குறைந்த பிட்ச். மறுபேச்சில்லாமல் எல்லாக் கரைக்காரரும் வந்து சேர்ந்த இடம் அது. எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதி வைத்து நடந்ததல்ல.

நிபுணர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. புரொப்பல்லர் பிறந்ததே தட்டுத்தடுமாறித்தான். ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற இங்கிலாந்து விவசாயி 1837-ல் லண்டன் கால்வாயில் மரத் திருகு வைத்த படகை ஓட்டிப் பார்த்தார். எதிலோ மோதித் திருகில் பாதி முறிந்துபோக, படகு முன்னைவிட வேகமாக ஓடியது. நீளம் குறைந்தால் நல்லது என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படி.

முறிவு எங்களுக்கும் அன்றாடம். மணலில் உரசி இறக்கையின் ஓரம் தேயும், பாறையில் பட்டால் மடங்கும். மடங்கியதை உள்ளூரில் அடித்து நிமிர்த்தி, தேய்ந்ததில் அலுமினியம் வைத்துப் பற்றவைத்து ராவிக் கொடுப்பார்கள். அப்புறம் பொறித்த எண்ணை நம்பக் கூடாது. மூன்று இறக்கையும் மூன்று கோணத்தில் நிற்கிற புரொப்பல்லர் வள்ளத்தையே நடுங்க வைக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் வள்ளங்கள் கரைகளில் குவிந்தன. சோழமண்டலக் கரைக்கு நீண்ட தண்டுள்ள டீசல் லாங் டெயில், எங்களுக்கு அவுட்போர்டு. வள்ளம் ஒருவர் தந்தது, எஞ்சின் இன்னொருவர் தந்தது. 20 அங்குலத் தண்டுள்ள எஞ்சின் 15 அங்குலப் பின்பலகையில் ஏறியது, குட்டைத் தண்டு உயரப் பலகையில் ஏறி, அலை உச்சியில் காற்றைக் குடித்துக்கொண்டு வெறுமனே சுற்றியது. பலகையை வெட்டி இறக்கியும் கட்டை வைத்து உயர்த்தியும் முடிந்த பிறகுதான் பிட்ச் பேச்சே எடுக்க முடிந்தது.

இப்போது நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினோடு வருகிறார்கள். எவின்ரூட் என்ற பெயரில் எஞ்சின் செய்வதையே 2020-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய எஞ்சினின் புரொப்பல்லரைப் புதியதில் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, தண்டின் பல்லு பொருந்தினாலும் கியர் விகிதம் வேறு என்கிறேன். வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏற்றி, சுற்றுமானியைக் கட்டி, முழு விசையில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு எண்ணோடு வரச் சொல்கிறேன். காசு கையிலிருக்கிற பையன்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்கிறார்கள். ஆழத்திலிருந்து ஆழத்துக்கு ஓடுபவர்களுக்குச் சரி. பாறையும் மணலுமாகக் கிடக்கிற நம் கரையில் மோதினால், அலுமினியம் தான் மடங்கிக் கியரைக் காப்பாற்றும். ஸ்டீல் மடங்காது, நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கிக் கொடுக்காவிட்டால் அடி நேரே கியருக்குப் போகும். கியர்பெட்டி என்ன விலை என்று சொன்னதும் அலுமினியத்தையே எடுத்துக்கொண்டு போகிறார்கள், மாற்றுக்கு ஒன்றும் சேர்த்து.