ஒலி மறைந்தது, எழுத்து நின்றது: ஆங்கிலத்தில் ஜி–எச் கூட்டெழுத்து

ஆங்கில எழுத்துக்கூட்டலின் முறைகேட்டைக் காட்ட வகுப்பறைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் வேடிக்கை ஒன்று உண்டு. ஜி, எச், ஓ, டி, ஐ என்னும் ஐந்து எழுத்துகளை வரிசையாக எழுதி, அதனை ‘ஃபிஷ்’, அதாவது மீன், என்று படிக்கலாம் என்பர். ‘போதும்’ எனப் பொருள்படும் ‘இனஃப்’ என்னும் சொல்லின் இறுதியில் ஜி–எச் ‘ஃப்’ என ஒலிக்கிறது. பெண்களைக் குறிக்கும் ‘விமன்’ என்பதில் ஓ இகரமாகிறது. ‘நேஷன்’ என்பதில் டி–ஐ ‘ஷ்’ ஆகிறது. இதனைப் புனைந்தவர் பெர்னார்ட் ஷா என்று பலரும் எழுதியுள்ளனர். ஆனால், 1855இல் சார்ல்ஸ் ஆலியர் என்னும் பதிப்பாளர் லீ ஹன்ட்டுக்கு எழுதிய மடலிலேயே இது காணப்படுகிறது. ஷா பிறந்தது 1856இல்.

நாமும் இளமையில் இவ்வேடிக்கையைச் சொல்லி மாணவரைச் சிரிக்கவைத்து, “காரணம் கேட்க வேண்டா, மனனம் செய்க” என்று முடித்ததுண்டு. அது தவறென உணரப் பல ஆண்டுகள் ஆயின. ஜி–எச் சொல்லின் முதலில் ஒருபோதும் ‘ஃப்’ என ஒலிப்பதில்லை. இறுதியிலும் இடையிலும் மட்டுமே அவ்வாறு ஒலிக்கும். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது.

இன்று ‘நைட்’ எனப்படும் இரவு, ‘லைட்’ எனப்படும் ஒளி, ‘டாட்டர்’ எனப்படும் மகள், ‘தாட்’ எனப்படும் எண்ணம் ஆகிய சொற்களில் ஜி–எச் ஊமையாக நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தில் தெளிவான மெய்யொலி ஒன்று இருந்தது. ‘பகல்’ என்று நாம் சொல்லும்போது இடையிலுள்ள ககரம் வன்மை குறைந்து உரசி ஒலிக்கிறதல்லவா? முற்றும் அதுவன்று, ஆயினும் அதற்கு அண்மையது. ஜெர்மானிய மொழியில் இரவு, ஒளி, மகள் என்பவற்றைக் குறிக்கும் இனச்சொற்களில் அவ்வொலி இன்றும் உயிரோடிருக்கிறது. ஸ்காட்லாந்தின் நாட்டு வழக்கிலும் அதனைக் கேட்கலாம்.

பழைய ஆங்கிலத்தார் இவ்வொலிக்கு எச் என்னும் ஓரெழுத்தையே எழுதினர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர் கைக்குச் சுவடிகள் சென்றன. மூன்று என்னும் எண்ணைப் போன்ற வடிவுடைய ‘யோக்’ என்னும் எழுத்து சிலகாலம் வழங்கியது. பின்னர் ஜி–எச் நிலைபெற்றது. 1400இல் மறைந்த சாசர் காலத்தில் வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்னும் சொல்லின் எழுத்துகள் யாவும் ஒலிக்கப்பட்டன. அதன் முதலிலுள்ள, இன்று ஊமையாகிவிட்ட கே–யும் அவற்றுள் அடங்கும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்வொலி தேய்ந்தது. பல சொற்களில் அடியோடு மறைந்தது. சில சொற்களில், குறிப்பாக இதழ் குவியும் உயிருக்குப்பின், ‘ஃப்’ ஆகத் திரிந்தது. இருமலைக் குறிக்கும் ‘காஃப்’, கரடுமுரடான ‘ரஃப்’, உறுதியான ‘டஃப்’, சிரித்தலாகிய ‘லாஃப்’ ஆகியன அவ்வாறு வந்தவை. தொண்டையருகே உரசும் ஒலியும் இதழில் உரசும் ஒலியும் செவிக்கு நெருங்கியவை. டச்சு மொழியில் இதே திரிபு எதிர்த்திசையில் நிகழ்ந்துள்ளது. காற்றைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் ‘லுஃப்ட்’ எனில், டச்சில் ‘ஃப்’ இருந்த இடத்தில் தொண்டை உரசொலி ஒலிக்கும்.

எச்சொல்லில் மறைவு, எச்சொல்லில் திரிபு என்பதற்கு முழுமையான விதி கூற இயலாது. வட்டார வழக்குகள் கலந்த நிலை அது. சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்டர்’ என்னும் சொல்லின் முன் எஸ் என்னும் ஓரெழுத்தை இட்டால் படுகொலையைக் குறிக்கும் ‘ஸ்லாட்டர்’ ஆகிவிடுகிறது. ஒலியும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. குள்ளனைக் குறிக்கும் ‘ட்வார்ஃப்’ என்பதும் இக்குடும்பத்ததே. அங்கே எழுத்து ஒலியைப் பின்தொடர்ந்து எஃப் ஆயிற்று.

போலிகளும் உள. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒளியோடு அதற்குத் தொடர்பில்லை. ‘லைட்’ என்பதைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் எழுதுவோர் ஜி–எச்சைச் செருகினர். செருக்குடையவனைக் குறிக்கும் ‘ஹாட்டி’யும் அத்தகையதே. விக்கலாகிய ‘ஹிக்கப்’பின் ஈற்றை இருமல் என்று தவறாக எண்ணி, அதற்கும் ஜி–எச் இட்டு எழுதுவாருண்டு.

பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஜி மட்டுமே இருந்தது. 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைப் புரூஜ் முதலிய பிளெமிய நகர்களில் கழித்தவர். அம்மொழியின் எழுத்து வழக்கே இங்கு எச்சைக் கொணர்ந்தது என்பர். நெய்யாகிய ‘கீ’ இந்தியிலிருந்தும், பிணந்தின்னும் பேயாகிய ‘கூல்’ அரபியிலிருந்தும் வந்தவை. அவற்றில் ஜி–எச் அந்தந்த மொழியின் தனி ஒலியைக் காட்ட இடப்பட்டது. சொல்முதல் ஜி–எச் பழைய உரசொலியின் வழி வந்ததன்று. ஆதலின் ‘ஃப்’ ஆகத் திரிய வழியுமில்லை. ஆலியரின் மடலில் கண்ட மீன் வலையில் சிக்காது.

இந்த ஊமை எழுத்துகளைக் களையவேண்டும் என்பார் பலர். 1906இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் 300 சொற்களுக்குச் சுருங்கிய எழுத்துக்கூட்டலை அரசு அச்சகத்திற்குப் பணித்தார். நாடாளுமன்றம் எதிர்க்கவே கைவிட்டார். குழந்தையின் சுமை சிறிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ‘பளம்’ என ஒலிக்கும் மாணவனை நாம் ‘பழம்’ என்றே எழுதச் சொல்கிறோம். அவ்வெழுத்து ஒலியை மட்டுமன்று, சொல்லின் உறவையும் காக்கிறது. ஆங்கில ஆசிரியர்க்கும் அவ்வுரிமை உண்டு. காரணத்தைச் சொல்லும் கடமையும் உண்டு.

‘நெய்பர்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். அதன் முற்பகுதி ‘அருகில்’ எனப் பொருள்படும் பழஞ்சொல், பிற்பகுதி ‘குடியிருப்போன்’. அருகில் என்னும் அச்சொல்லின் ஒப்புநிலை வடிவமே இன்றைய ‘நியர்’. மிகுநிலை வடிவமே ‘நெக்ஸ்ட்’. அவ்விரண்டிலும் ஜி–எச் இல்லை. அண்டை வீட்டாரின் பெயரில் மட்டும் அது நிற்கிறது.