பேராலய வாசலில் ஒரு நீதிமன்றம்



ஈசாக்கின் பணியாளர் கிணறு தோண்டிய நிகழ்வைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். தண்ணீர் ஊறியதும், அது எங்களுடையது என்று கெரார் மேய்ப்பர்கள் வாதாடினார்கள். இரண்டாவது கிணற்றுக்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் அமைதி கிடைத்தது. தண்ணீர்ச் சண்டை அவ்வளவு பழையது.

1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிவியலாளர், கட்டுப்பாடில்லாத பொதுச் சொத்து அழிந்தே தீரும் என்று எழுதினார். பொதுப் புல்வெளியில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைக் கூடுதலாக மேயவிடுவார். முடிவில் எவர் மாட்டுக்கும் புல் இராது என்பது அவர் வாதம். பாவத்தால் காயப்பட்ட மனித இயல்பை அறிந்த நம்மால் இதை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால், வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. மழை குறைந்த, இஸ்பெயின் நாட்டு வலென்சியாவில், துரியா ஆற்று நீரை உழவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கால்வாய்கள் வழியே பகிர்ந்து வருகிறார்கள். 1435, மே 29 அன்று, இரு கால்வாய்களைச் சேர்ந்த 84 உழவர்கள் புனித பிரான்சிஸ் துறவு மடத்தில் கூடினார்கள். தண்ணீர் யாருக்கு உரியது, வறட்சியில் எப்படிப் பகிர்வது, வாய்க்காலை யார் பராமரிப்பது, தவறினால் என்ன தண்டம் என்று தாங்களே விதி வகுத்தார்கள். முறை வந்தவர் தேவையானதை எடுக்கலாம், வீணாக்கக் கூடாது. அடுத்த முறைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றும் வியாழன்தோறும் நண்பகலில், வலென்சியா பேராலயத்தின் திருத்தூதர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. கறுப்பு மேலாடை அணிந்த நீதிபதிகள், உழவர்கள் தேர்ந்தெடுத்த உழவர்களே. விசாரணை முழுவதும் வாய்மொழியில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரின் கால்வாயைச் சேர்ந்த நீதிபதி தீர்ப்பில் பங்கேற்பதில்லை. பல வாரங்களில் வழக்கே இராது; சில நிமிடங்களில் அவை கலைந்துவிடும்.

இத்தகைய குழுக்களை ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரோம். 2009-இல் பொருளியலுக்கான நொபெல் விருது பெற்ற முதல் பெண்மணி. பயன்படுத்துவோரே விதி செய்து, ஒருவரையொருவர் கவனித்து, சிறு தவற்றுக்குச் சிறு தண்டம் விதித்து, பிணக்குகளை அருகிலேயே தீர்த்துக்கொள்ளும் இடங்களில் பொதுச் சொத்து நிலைக்கிறது என்று அவர் கண்டார். அதே ஆண்டில் யுனெஸ்கோவும் இந்நீதிமன்றத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

அந்த 84 பேரும் புனிதர்களாய் இருந்ததால் இது நடக்கவில்லை. தங்கள் பலவீனத்தை அறிந்திருந்ததால், பிறர் தங்களைக் கண்காணிக்க இசைந்தார்கள். இதுவும் ஒருவகைத் தாழ்ச்சியே. தலைமடைக்காரர் நேரத்தில் மடையை அடைத்தால்தான், அவர் கண்ணுக்கு எட்டாத கடைமடைக்காரரின் பயிர் பிழைக்கும். பிறரன்பு என்பது சில வேளைகளில் மடையை அடைப்பதுதான்.

நம் தெருக்குழாயில், பங்கின் பொதுக் காரியங்களில், நமக்குப் பின்னால் காத்து நிற்பவர் யார் என்று இவ்வாரம் எண்ணிப் பார்ப்போம். கடைமடையில் நிற்பவரை மறவாத உள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.